ஹில்மார் சொன்ன இடம்

எங்கள் தீவில் மனிதர்கள் மனசறிந்து பொய் சொல்லும் இடம் ஒன்றே ஒன்றுதான். படகு ரேடியோ. கரையில் நாங்கள் அப்படியில்லை. வீட்டைப் பூட்டுவது கிடையாது, கடனாக வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஆனால் பனிக்காலத்தில் காட் மீன் முட்டையிட வந்துவிட்டால் போதும். கடலில் இருப்பவனை எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், அவன் இல்லாத இடத்தைத்தான் சொல்வான். கேட்பவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்பான். பிப்ரவரியில் விடியும்வரை இந்த விளையாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

என் கணவர் ஹில்மார் அதில் கெட்டிக்காரர். பத்து மீட்டர் மரப்படகு ஒன்று வைத்திருந்தார், நீர்க்காகம் என்று பெயர். அவருடைய அப்பா கண்டுபிடித்த பார் ஒன்று இருந்தது. கடலுக்கு அடியில் ஒரு கல்திட்டு, அவ்வளவுதான். ஆனால் மீன் அதை விட்டு நகராது. எந்த மலையை எந்தக் கலங்கரை விளக்கோடு நேர்பிடித்துப் போனால் அங்கே போய்ச் சேரலாம் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கல்யாணம் ஆகி மூன்றாவது வருஷம்தான் மாமனார் எனக்குச் சொன்னார். அதுவரை என்னைச் சோதித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

நான் அப்போது ராக்கெட் தளத்தின் சமையலறையில் வேலை பார்த்தேன். ராக்கெட் என்றதும் நிலாவுக்குப் போவது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊர் ராக்கெட் நேராக மேலே போகும், துருவ ஒளிக்குள் நுழையும், அளக்க வேண்டியதை அளக்கும், கால் மணி நேரத்துக்குள் கடலில் விழுந்துவிடும். விழும் இடத்தைக் கடல் வரைபடத்தில் கட்டம் போட்டு அடைப்பார்கள். நாங்கள் அதைப் பெட்டி என்போம். பெட்டிக்குள் படகு இருந்தால் ராக்கெட் போகாது. மீன்காரர்களும் ராக்கெட்காரர்களும் ஒரே மாதங்களில் ஒரே கடலைக் கேட்பதால் வருஷா வருஷம் முணுமுணுப்புதான்.

அந்த வருஷம் எங்கள் மாடி அறையில் யோருன் தங்கியிருந்தாள். தெற்கே பெரிய நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவள். முப்பது வயசு இருக்கும். ஒல்லி. என் கம்பளிச் சட்டையைப் போட்டால் உள்ளே இன்னொருத்திக்கு இடம் இருக்கும். அவளுக்கு வேண்டியது எல்லாரும் அண்ணாந்து பார்க்கிற பச்சைத் திரை இல்லை. அந்த ஆட்டமெல்லாம் முடிந்து, பார்த்தவர்கள் படுக்கப் போன பிறகு, விடியலுக்கு முன்னால் ஒன்று வரும். மங்கலான மேகத் துண்டுகள் மாதிரி வானம் முழுக்க. ஒன்று எரியும், அணையும், மறுபடி எரியும். பக்கத்துத் துண்டு வேறு தாளத்தில் எரியும். அந்தத் துடிப்பு எதனால் என்பதுதான் அவள் கேள்வி. அதற்காக நாலு வருஷம் உட்கார்ந்து கருவிகள் செய்து, ஒரே ஒரு ராக்கெட்டின் மூக்கில் ஏற்றியிருந்தாள்.

ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் ஹில்மார் அவளைச் சீண்டினார்.

"அது துடிச்சா துடிச்சுட்டுப் போகுது. உனக்கு என்ன வந்துச்சு?"

"மேல இருந்து மின்துகள் மழை மாதிரி கொட்டுது, ஹில்மார். கொட்டுது, நிக்குது, கொட்டுது. எங்கயோ யாரோ திறந்து திறந்து மூடுறாங்க. எந்த இடத்துல மூடுறாங்கன்னு தெரிஞ்சா, யாருன்னு பிடிச்சிடலாம்."

எங்கள் பக்கம் பாதிரியாரைக்கூட நீ என்றுதான் பேசுவோம். அவளும் ஒரு வாரத்தில் பழகியிருந்தாள்.

"எந்த இடம்னு ராக்கெட்டுக்கு எப்படித் தெரியும்? இருநூறு கிலோமீட்டர்கூட ஏறாதே," என்றேன் நான்.

"இருங்க, ரெண்டு பேருக்கும் சொல்றேன். எல்லாத் துகளும் ஒரே வேகத்துல வராது. வேகமானது முன்னால வரும், மெதுவானது பின்னால வரும். எல்லாம் ஒரே நேரத்துல கிளம்பியிருந்தா, நடுவுல உள்ள இடைவெளிய வச்சு..."

"எவ்வளவு தூரத்துல இருந்து வந்துச்சுன்னு சொல்லிடலாம்," என்று நான் முடித்தேன். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். இரண்டு படகு ஒரே பாரிலிருந்து சேர்ந்து கிளம்பினால், பெரிய எஞ்சின் படகு முதலில் துறைக்கு வரும், சின்னது பிறகு வரும். நடுவில் எத்தனை நேரம் என்று ஜன்னலில் நின்று பார்த்தால், அவர்கள் எவ்வளவு தொலைவு போயிருந்தார்கள் என்று புரிந்துவிடும். ஹில்மாருக்குப் போட்டியாக மீன் பிடிக்கும் இங்வால்டின் பார் எங்கே என்று நான் அப்படித்தான் பாதி கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

ஹில்மார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தார்.

"அப்ப நீ அடுத்தவன் பாரை வேவு பாக்க வந்தவ."

"அப்படித்தான்னு வச்சுக்கோ."

"இத முதல்லயே சொல்லியிருந்தா மாடியில இடமே குடுத்திருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் தட்டில் இன்னொரு துண்டு ஈரல் வைத்தார். அன்றிலிருந்து அவள் எங்கள் வீட்டுப் பெண். நீளமான தூண்டில் கயிற்றின் நூற்றுக்கணக்கான முள்ளுக்கு இரை கோக்கக்கூட உட்கார்ந்துவிடுவாள். விரலில் குத்திக்கொள்வாள், ஊதிக்கொள்வாள், மறுபடி கோப்பாள்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மேகம், இல்லாவிட்டால் காற்று. வானம் தெளிந்த நாளில் அந்தத் துடிப்பு வரவில்லை. தினமும் விடியலுக்கு முன்னால் பெட்டியை அடைப்பார்கள், பிறகு திறந்துவிடுவார்கள். கடைசி நாளும் வந்தது. மறுநாளிலிருந்து அந்த நேரத்தில் நிலா இருக்கும், வானத்தைப் பார்க்கிற கேமராவுக்கு எதுவும் தெரியாது. கருவிகளைக் கழற்றித் தெற்கே கொண்டுபோக லாரி வந்து தளத்து வாசலில் நின்றது. அடுத்த வருஷத்துக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இன்று போகாவிட்டால் அவள் ராக்கெட் போகவே போகாது.

அன்று நான் விடியலுக்கு முன்பே சமையலறைக்கு வந்து வாஃபிள் மாவு கலந்துகொண்டிருந்தேன். காத்திருக்கிறவர்களுக்கு வாஃபிளும் காபியும் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் சண்டை போடாமல் இருப்பார்கள். கட்டுப்பாட்டு அறையில் பேசுவது சமையலறை ஒலிபெருக்கியிலும் கேட்கும். காற்று சரி. வானம் சரி. பிறகு யோருனின் குரல், ஏதோ தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவது மாதிரி.

"வந்துடுச்சு. துடிக்குது. நேரா மேலயே துடிக்குது."

பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். வானம் முழுக்க வெளிச்சத் துண்டுகள், ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. குளிர் தாங்காமல் கதவைச் சாத்திவிட்டு வாஃபிள் அச்சில் மாவை ஊற்றினேன். அப்போதுதான் ஒலிபெருக்கியில் இறங்கிக்கொண்டிருந்த எண்ணிக்கை நின்றது. பாதுகாப்பைப் பார்க்கிற ஊட்வாரின் குரல் கேட்டது.

"நிறுத்து. பெட்டிக்குள்ள படகு. நீர்க்காகம். பெட்டி நடுவுல இருக்கேன், கயிறு முழுக்கக் கீழ கிடக்கு, எடுக்க ரெண்டு மணி நேரம் ஆகும்னு சொல்றான்."

ஹில்மார் பெட்டிக்குள் இல்லை. கிளம்பும்போது காபி குடித்துக்கொண்டே, இன்றைக்கு அப்பாவின் பாருக்குப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அது பெட்டிக்கு நேர் எதிர்த் திசை. பாவி மனுஷன் என்ன செய்திருக்கிறார் என்று உடனே புரிந்துவிட்டது. பெட்டியை அடைத்திருக்கும் நேரத்தில் வேறு படகு எதுவும் அங்கே போகாது. பெட்டிக்குள் இருக்கிறேன் என்று ரேடியோவில் சொன்னால் யாரும் போய்ச் சரிபார்க்க முடியாது. இரண்டு வாரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். தினமும் ராக்கெட் எப்படியும் ரத்தாகிவிட்டதால் ஊட்வாரிடம் நாலு திட்டு வாங்கியதோடு போயிற்று. அவரைப் பொறுத்தவரை, பொய்க்குப் பொருத்தமான இடம் இந்த உலகத்தில் அதைவிட வேறு இருக்க முடியாது.

மலைமேல் ரேடார் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் அந்த அலையில் எங்கள் மரப்படகுகள் தெரியும், மறையும். தெரிகிற புள்ளி யாருடையது என்று ரேடார் சொல்லாது.

வாஃபிள் கருகியது. நான் ஊட்வாரிடம் போய்ச் சொல்வதா என்று யோசித்தேன். ஊட்வார் நல்லவன்தான். ஆனால் அவன் தங்கையைத்தான் இங்வால்ட் கட்டியிருந்தான். பார் எங்கே என்று ஊட்வார் காதில் போட்டால் அது மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்வால்ட் தட்டில் இருக்கும். மாமனார் முகம் வேறு நினைவுக்கு வந்தது.

ஒலிபெருக்கியில் வேறு யாரோ சொன்னார்கள்: "கயித்த அறுத்துட்டு வெளிய வரச் சொல்லேன். நாம நஷ்டம் குடுத்துடலாம்."

ஊட்வார் தயங்கினான். "கேட்டுப் பாக்கலாம்."

"வேண்டாம்." அது யோருன். "கேக்காதீங்க. கேட்டா அறுத்துடுவான். அந்தக் கயித்துக்கு எப்படி இரை கோக்குறாங்கன்னு நான் பாத்திருக்கேன். அவன் மெதுவா எடுக்கட்டும். அதுவரை துடிச்சா பாக்கலாம். இல்லன்னா விடு."

ரெண்டு மணி நேரத்தில் விடிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாதா? அதற்குமேல் நான் மாமனாரை நினைக்கவில்லை. சமையல் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் கட்டுப்பாட்டு அறைக்குள் போனேன்.

யோருன் சின்னத் திரைக்கு முன்னால், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். திரையில் வெளிச்சம் வந்து வந்து போனது. ஊட்வாரை ஓரமாக இழுத்தேன்.

"ஹில்மார் பெட்டியில இல்ல."

"அவனே சொல்றான் இருக்கேன்னு."

"உனக்குத் தெரியாதா அவன் ரேடியோவுல பேசுற லட்சணம்? அவன் இல்லடா அங்க."

"அப்ப எங்க?"

நான் வாயை மூடிக்கொண்டேன். ஊட்வார் கழுத்தைச் சொறிந்தான்.

"நீ சொன்னாலும் செல்லாது, மாக்னி. படகு அதோட வாயால சொல்லணும். நீ சொன்னத நம்பி நான் விட்டு, அவன் தலையில விழுந்தா?"

"ரேடியோவக் குடு."

"ஊரே கேக்குற சேனல் அது."

"தெரியும். குடு."

ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டேன். அதுவரை நான் அதில் பேசியதே இல்லை.

"நீர்க்காகம், நீர்க்காகம். இது மாக்னி."

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அவர் குரல். "மாக்னியா? யாரு செத்தது?"

"யாரும் சாகல. நீ எங்க இருக்க?"

"சொன்னேனே. பெட்டி நடுவுல. மீன் ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி சைசு. கேட்டுக்கிட்டு இருக்கிற திருட்டுப் பயலுக எல்லாருக்கும் காலை வணக்கம்."

"சிரிக்காத, ஹில்மார். நீ சிரிச்சுக்கிட்டுச் சொன்னா என்னன்னு எனக்குத் தெரியும்."

யாரோ ஒருத்தர் தன் ரேடியோவில் பொத்தானை அமுக்கி விடுவது டிக் என்று கேட்டது. இன்னொரு டிக். கடல் முழுக்கக் காது.

"பொம்பளைங்க ராக்கெட் விட ஆரம்பிச்சதுல இருந்து நிம்மதியா மீன் பிடிக்க முடியல," என்றார் அவர்.

"நான் சொல்றத மட்டும் கேளு. வானத்தப் பாரு. பாக்குறியா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மினுக்கு மினுக்குன்னு. அவ கேட்டது இதுதானே?"

"இதேதான். உன்ன கயித்த அறுத்துட்டு வரச் சொல்லலாம்னு இங்க பேசுனாங்க. அவ வேண்டாம்னுட்டா. ஹில்மார் நிதானமா கயித்த எடுக்கட்டும், என் ராக்கெட் போகலன்னாலும் பரவாயில்லன்னுட்டா. இப்பச் சொல்லு, நீ எங்க இருக்க?"

ரேடியோவில் இரைச்சல்தான். யோருன் திரையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நிஜமாகவே அவர் பெட்டிக்குள் இருக்கிறார் என்று நம்பி, அவருக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படியா சொன்னா?" என்று ரேடியோ கேட்டது.

"ஆமா."

"அந்தக் கயித்துல பாதி அவ கோத்தது. கோணலும் மாணலுமா."

"ஹில்மார்."

பெருமூச்சு விட்டார். ரேடியோவில் அது புயல் மாதிரி கேட்டது. பிறகு, பல் பிடுங்கும்போது பேசுகிற குரலில், இடத்தைச் சொன்னார். எந்த மலை, எந்த விளக்கு, கரையிலிருந்து எவ்வளவு, எல்லாம். நான் அதை இங்கே சொல்லப்போவதில்லை. என் மகன் இன்னும் அங்கேதான் பிடிக்கிறான்.

ஊட்வார் வரைபடத்தின் மேல் குனிந்தான்.

"சரி. ஆனா இதையும் நான் எப்படி நம்புறது? ரேடியோவுல இருபது வருஷமா இவன் சொன்ன எந்த இடத்துலயும் இவன் இருந்ததில்ல. அங்க இருக்கேன்னு சொல்றான்னா அங்க மட்டும் இல்லன்னு அர்த்தம்."

"அந்தக் குரலைக் கேட்டியா? எரிஞ்சு விழுறான். எரிஞ்சு விழுந்தா உண்மை."

"அத வச்சு ராக்கெட் விட முடியாது."

ரேடார் பார்க்கிற பையன்தான் சொன்னான், அந்த இடத்தில் கொஞ்ச நேரமாக ஒரு புள்ளி விட்டு விட்டுத் தெரிகிறது, யாரென்று தெரியாமல் விட்டுவைத்திருந்தேன் என்று. ஊட்வார் ஒலிவாங்கியை என்னிடமிருந்து வாங்கினான்.

"நீர்க்காகம், படகக் கரைப் பக்கம் திருப்பி ஓட்டு. நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும்."

"என் கயிறு?"

"மிதவை போட்டிருப்பல்ல, அப்புறம் வந்து எடு. ஓட்டுடா கடல் பிசாசே."

எல்லாரும் ரேடார் திரையைச் சுற்றி நின்றோம். யோருன் மட்டும் அவள் திரையை விட்டு வரவில்லை. துண்டுகள் மங்கிக்கொண்டு வருகின்றன என்று அவள் முதுகிலேயே தெரிந்தது. புள்ளி மறைந்தது. தெரிந்தது. கொஞ்சம் கரைப் பக்கம் வந்திருந்தது. மறுபடி மறைந்தது. மறுபடி தெரிந்தபோது இன்னும் பக்கத்தில் வந்திருந்தது.

"அவன்தான்," என்றான் ஊட்வார். "நிறுத்து, ஹில்மார். போதும்." இன்னொரு தடவை எல்லாப் படகையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பெட்டி காலி என்று உறுதி செய்துகொண்டான். பிறகு யோருனைப் பார்த்து, "பெட்டி காலி. இனி உன் இஷ்டம்," என்றான்.

அவள் உடனே சொல்லவில்லை. தெற்கிலிருந்து ஒரு பெரிய துண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தது. அதற்காகக் காத்திருந்தாள். எனக்குத்தான் கத்த வேண்டும்போல் இருந்தது. அது எரிந்தது, அணைந்தது, எரிந்தது. "விடு," என்றாள்.

நான் பின்கதவுக்கு ஓடி வருவதற்குள் அது பாதி வானம் போய்விட்டது. வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு. வயிற்றுக்குள் அதிர்ந்தது. மேலே போய் அந்தத் துண்டுகளுக்கு நடுவில் ஒரு புள்ளியாகி மறைந்தது. அவை கண்டுகொள்ளவே இல்லை. தங்கள் பாட்டுக்கு எரிந்து அணைந்துகொண்டிருந்தன.

உள்ளே வந்தபோது ராக்கெட் அனுப்பும் அளவுகளைக் கோடாக வரைகிற காகிதச் சுருள் ஓடிக்கொண்டிருந்தது. யோருன் தரையில் மண்டியிட்டு அதைக் கையால் தடவிக்கொண்டே போனாள். வேகமான துகளின் கோடு ஏறுகிறது, கொஞ்சம் பொறுத்து அடுத்தது ஏறுகிறது, அதற்குப் பிறகு அடுத்தது.

"இடைவெளி இருக்கு, மாக்னி. ஒவ்வொரு துடிப்புக்கும் இருக்கு."

"ரொம்ப தூரமா?"

"ஒழுங்கா கணக்குப் போட ஒரு வருஷம் ஆகும். ஆனா தூரம்தான். ரொம்ப ரொம்ப தூரம். உலகத்தையே பாதி சுத்துற தூரத்தையும் தாண்டி மேல எங்கயோ." மூக்கைத் துடைத்துக்கொண்டு நாலு வாஃபிள் சாப்பிட்டாள். கருகினதையும் சேர்த்து.

ஹில்மார் பாரின் கதையை நான்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் அவள் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள். என்னோடு துறைக்கு வருகிறேன் என்று கோட்டை மாட்டினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விடிந்திருந்தது. படகுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஹில்மார் கடைசியாக வந்தார். படகு நிறைய மீன். முகத்தில் ஒரு செத்த வீட்டுக் களை. கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு எங்களைப் பார்க்காமல் மற்றவர்களைப் பார்த்தார். இங்வால்ட் தன் படகில் உட்கார்ந்து மீனைக் கீறிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி நாலைந்து பேர்.

யோருன்தான் முதலில் பேசினாள். "ஹில்மார், எனக்குத் தெரிஞ்சிருந்தா நான்..."

"தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்ப? ராக்கெட்டக் கையில தூக்கிட்டா போயிருப்ப? போய் அந்த மீனை எடு." பிறகு குரலை உயர்த்தினார். "என்ன இங்வால்ட்? நாளைக்கு எத்தன மணிக்குக் கிளம்புற? நேரத்தச் சொன்னா உனக்கும் காபி போட்டுக் கொண்டு வரேன். ஒரே இடத்துலதானே நிக்கப் போறோம்."

இங்வால்ட் கத்தியைத் துடைத்தான். "எந்த இடத்துல?"

"கேட்டியே காலையில."

"காலையிலயா? என் ரேடியோ வேலை செய்யல. பாட்டரி போச்சு."

"உன் ரேடியோ?" ஹில்மார் அடுத்தவனைப் பார்த்தார்.

"நான் ஆஃப் பண்ணி வச்சிருந்தேன். தலவலி."

"நீ?"

"எனக்கு வானிலை அறிக்கை ஓடிக்கிட்டு இருந்துச்சு," என்றான் மூன்றாமவன். "ஏதாச்சும் முக்கியமா பேசுனீங்களா?"

ஹில்மார் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்துக்கொண்டே வந்தார். யாரும் சிரிக்கவில்லை. மீனைக் கீறுகிற சத்தம் மட்டும். யோருன் தலையைக் குனிந்து கையுறையைச் சரி செய்துகொண்டிருந்தாள், அவள் தோள் குலுங்கியது.

"நல்ல ஊருடா இது," என்றார் கடைசியில். "இத்தன படகு கடல்ல, ஒருத்தன் ரேடியோவும் வேலை செய்யல. நான் முழுகியிருந்தா என்ன கதி?"

"ராக்கெட்காரி காப்பாத்தியிருப்பா," என்றான் இங்வால்ட்.

மறுநாள் விடியலில் ஹில்மார் அப்பாவின் பாருக்குப் போனார். சுற்றிலும் பார்த்தாராம். ஒரு படகின் விளக்குகூட இல்லை. வந்து என்னிடம் சொன்னபோது அவருக்கு அது சந்தோஷமா கோபமா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அடுத்த வாரம் இங்வால்டின் எஞ்சின் நடுக்கடலில், அவன் பாருக்கு மேலேயே, நின்றுபோனபோது, கேட்காமலே கயிறு போட்டு இழுத்து வந்தார். வழி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே வந்தாராம். எங்கே இருந்து இழுத்து வந்தாய் என்று துறையில் கேட்டார்கள்.

"ஞாபகம் இல்ல," என்றார்.